வளையிக்குப் பின்னால் ஓர் அகதி

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில் எங்கள் வீடுகளில் முதலில் விசாரிக்கப்படுவது இசட் புள்ளிதான். ஒரு மாணவர் எடுத்த புள்ளி, எல்லோருடைய இடையிலிருந்தும் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்துப் பெறும் எண் அது. தற்செயலான விலகலுக்கும் ஓர் அளவுகோல் உண்டு என்பதைக் கணக்குப்போட்டு முதலில் காட்டியவர் ஓர் அகதி. பெயர் ஆபிரகாம் த மோய்வர். இணைந்த கணிதம் படித்தவர்களுக்குச் சிக்கலெண் பாடத்தில் வரும் அவரது தேற்றம் நினைவிருக்கும்.

1667 மே 26 அன்று பிரான்ஸின் வித்ரி-லே-பிரான்சுவா என்ற ஊரில், ஒரு சத்திரசிகிச்சை மருத்துவரின் மகனாகப் பிறந்தார். கத்தோலிக்க நாட்டில் புரட்டஸ்தாந்துச் சிறுபான்மைக் குடும்பம். அவர் படித்த செடான் கல்விக்கூடத்தை 1681 இல் அரசு மூடியது. 1685 ஒக்டோபரில் பதினான்காம் லூயி மன்னன், அந்த மக்களுக்கு 1598 இல் வழங்கப்பட்டிருந்த பாதுகாப்பை முற்றாக நீக்கினான். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் துரத்தப்பட்டனர். மற்றவர்கள் நாட்டை விட்டு வெளியேறுவதே குற்றமாக்கப்பட்டது. அப்படியிருந்தும் சுமார் 2 இலட்சம் பேர் தப்பியோடினார்கள். அகதியைக் குறிக்கும் ‘ரெஃபியூஜி’ என்ற சொல் இவர்களோடுதான் ஆங்கிலத்துக்குள் வந்தது.

த மோய்வரும் அடைத்து வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படுகிறது. 1680களின் இறுதியில், இருபதுகளின் தொடக்கத்தில், லண்டனில் இருந்தார். பிழைப்புக்குக் கிடைத்தது ரியூசன். வீடு வீடாக நடந்து செல்வந்தர்களின் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். நியூட்டனின் பெருநூலை வாங்கி, தாள்தாளாகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் இடைவெளியில் படித்தார் என்பது அவரைப் பற்றி இன்றுவரை சொல்லப்படும் கதை.

1697 இல் ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நியூட்டன் நண்பரானார். ஆனால் எந்தப் பல்கலைக்கழகமும் பதவி கொடுக்கவில்லை. அவர் வெளிநாட்டவர். முதுமையிலும் சென்ட் மார்ட்டின் வீதியின் ஸ்லோட்டர் கோப்பிக்கடையில் இருந்து, சூதாடுபவர்களுக்கு வெற்றி வாய்ப்பைக் கணக்குப் பார்த்துச் சொல்லிச் சம்பாதித்தார்.

அந்தக் கணக்குகளிலிருந்தே 1718 இல் நிகழ்தகவு பற்றிய அவரது பெருநூல் வந்தது. பிறகு இன்னொரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாணயத்தை 3600 தடவை சுண்டினால் 1800 தடவை தலை விழ வேண்டும். ஆனால் மிகச் சரியாக 1800 விழுவது நூற்றுக்கு ஒன்றரைத் தடவைகூட நடக்காது. அப்படியானால் எவ்வளவு கூடிக் குறைந்தால் அது இயல்பு? ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே கணக்குப் பார்த்துக் கூட்டுவது ஆயுளுக்கும் முடியாத வேலை.

அவர் படிப்படியான அந்த எண்களுக்குப் பதிலாக, மணியைக் கவிழ்த்தது போன்ற ஒரு தொடர் வளையியை வைத்தார். அதன் கீழுள்ள பரப்பே நிகழ்தகவு. தனியொரு புள்ளிக்குப் பரப்பில்லை; இரண்டு எல்லைகளுக்கு இடையில்தான் கேள்வி கேட்க முடியும். 3600 இன் வர்க்கமூலம் 60, அதில் பாதி 30. தலைகள் 1770 இற்கும் 1830 இற்கும் இடையில் விழும் நிகழ்தகவு 0.682688 என்று கண்டார். இன்று பாடப்புத்தகத்தில் செவ்வன் பரம்பலுக்குச் சொல்லப்படும் 68 சதவீதம் இதுதான். அந்த 30 தான் நியம விலகல்.

அதற்குள் இன்னொரு உண்மையும் இருந்தது. சுண்டும் தடவை நான்கு மடங்கானால் விலகல் இரண்டு மடங்குதான் ஆகும். 900 தடவைக்கு 15, 3600 தடவைக்கு 30. பதிவுகள் பெருகப் பெருக, தற்செயலின் இரைச்சல் ஒப்பீட்டளவில் அடங்கி, உள்ளே இருக்கும் விகிதம் தெளிவாகிறது.

1733 நவம்பர் 12 திகதியிட்டு, இலத்தீனில் ஏழு பக்கமாக இதை அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். 1738 இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் ஆங்கிலத்தில் சேர்த்தார். உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1809 இல் ஜேர்மனியரான கவுஸ், வானியல் அளவீட்டுப் பிழைகளுக்கு அதே வளையியைப் பயன்படுத்தினார். பெயர் அவருக்குப் போனது. பின்னாளில் ஜேர்மனியின் 10 மார்க் நாணயத்தாளில் கவுஸின் முகத்தோடு அந்த வளையியும் அச்சானது.

1754 இல் பாரிஸ் விஞ்ஞான அக்கடமி த மோய்வரைத் தெரிவுசெய்தது. அப்போது அவருக்கு வயது 87. பிறந்த நாடு அவரைச் சேர்த்துக்கொண்டது வெளிநாட்டு உறுப்பினராக. அதே ஆண்டு நவம்பர் 27 அன்று லண்டனில் இறந்தார்.

1924 இல் புள்ளிவிபரவியலாளர் கார்ல் பியர்சன் அந்த ஏழு பக்கங்களைக் கண்டெடுத்து, வளையியின் தொடக்கம் யாருடையது என்று எழுதினார். இடையில் போனவை 190 ஆண்டுகள். உரிமையை மீட்டுக் கொடுத்தது பதவியோ செல்வாக்கோ அல்ல. திகதியிட்டு அச்சிட்டு, நாலு பேர் கையில் கொடுத்துவைத்த ஒரு சிறு பதிவுதான்.