மறைந்து வாழ்ந்த மேய்ப்பர்

சனவரி 16 புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் திருநாள். பொங்கல் வாரத்தில் வருவதால், நம் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் பரபரப்பில் அது பலருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் ஈழத் தமிழ்க் கத்தோலிக்கர் இன்று இருப்பதற்கே இவர் பெரிய காரணம்.

1658-இல் டச்சுக் கம்பெனியார் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் நம் குருக்களை வெளியேற்றினர். குருவுக்கு இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தனர். ஆலயங்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டனர். நம் திருமணங்கள் சட்டத்தின்முன் செல்லாமற் போயின. இதைச் செய்தவர்களும் கிறிஸ்தவர்களே. அவர்களுக்கு முன் ஆண்ட கத்தோலிக்கப் போர்த்துக்கீசியர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குரு இல்லாமலே அம்மக்கள் வீட்டுக்குள் செபித்து வந்தார்கள். கோவாவில் 1651-இல் பிறந்து 1676-இல் குருவான வாஸ் அடிகளார், 1687-இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் கடும் வயிற்றுநோய். குணமானபின் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று பார்த்தே தம் மந்தையை அடையாளம் கண்டார். சில்லாலைக் கிராமத்தார் அவரை மறைத்து வைத்தனர். திருப்பலியெல்லாம் இரவில்தான்.

1689 கிறிஸ்து பிறப்பு இரவில் படைவீரர் சுற்றி வளைத்தனர். அடிகளார் சிக்கவில்லை, மக்கள் சிக்கினர். டச்சுச் சபையை விட்டு வந்திருந்த தொன் பேதுரு சாட்டையடியால் உயிர்விட்டார். அவர் பெயர் நம் மறையுரைகளில் வருவதேயில்லை. வர வேண்டும் என்பது நம் எண்ணம்.

1692-இல் அடிகளார் கண்டிக்குப் போனார். போர்த்துக்கீசிய ஒற்றர் என்று பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். எனினும் பௌத்த அரசர் விமலதர்மசூரியர் நாளடைவில் அவருக்கு முழு உரிமை தந்தார். வறட்சியில் அவர் செபித்து மழை பெய்ததை எல்லோரும் சொல்வார்கள். 1697-இல் பெரியம்மை வந்தபோது, சொந்தக்காரரே கைவிட்ட நோயாளிகளை மதம் பாராமல் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தாரே, அதையே நாம் பெரிதாக நினைக்கிறோம்.

தாயகம் திரும்பாமலே 1711-இல் கண்டியில் இறந்தார். 2015 சனவரி 14-இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கிய திருத்தந்தை பிரான்சிஸ், அன்றே மடு அன்னையின் திருத்தலத்துக்குச் சென்று போரில் உறவுகளை இழந்தவர்களோடு செபித்தார். டச்சுக்காரருக்கு அஞ்சி ஓடிய தமிழ்க் கத்தோலிக்கர் அன்னையின் சுரூபத்தைச் சுமந்து சென்று அடைக்கலம் புகுந்த காடு அது. 1999 நவம்பரில் அதே ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் எறிகணைகள் விழுந்து, குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர்.