சகோதரர்களைப் பறித்த நோய்க்கு மருந்து கண்ட டாக்டர்

வீரகேரளம்புதூர் ஆகட்டும், சென்னை ஆகட்டும், கர்ப்பிணிப் பெண் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். ரத்தம் ஊறுவதற்கான மாத்திரை அது. அதில் இரும்புச் சத்துடன் போலிக் அமிலம் என்ற சத்தும் இருக்கிறது. உடம்பில் புது அணுக்கள் வளர அந்தச் சத்து வேண்டும்.

அதை ஆராய்ச்சிக் கூடத்தில் செய்து காட்டிய குழுவின் தலைவர், சென்னையில் படித்த ஒருவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஆந்திராவில் உள்ள பீமாவரத்தில், 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பிறந்தார். ஏழைக் குடும்பம். பள்ளி இறுதிப் பரீட்சையில் 2 தடவை தோற்றார். 3-வது தடவை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் சொல் கேட்டுக் கதர் உடுத்தினார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

குடும்பத்தில் இடி

அப்போது வீட்டில் இடி விழுந்தது. அவருடைய அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய். வயிற்றுப்போக்கு நிற்காது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ரத்தம் சுண்டிவிடும். சுப்பாராவையும் அந்த நோய் பிடித்தது. ஆயுர்வேத டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் மருந்தால் அவர் பிழைத்தார்.

1922-ல் அமெரிக்கா சென்றார். மனைவி சேஷகிரி அப்போது கர்ப்பிணி. மகன் பிறந்தான். தந்தையின் முகம் பாராமலே, சிறு குழந்தையாக இறந்தும் போனான்.

பாஸ்டன் நகரில் டாக்டர் சுப்பாராவ் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்காரராக இருந்தார். நோயாளிகளின் மலப் பாத்திரங்களைக் கழுவினார். அந்தச் சம்பளத்தில் வயிற்றைக் கழுவிக்கொண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். உடம்புக்குச் சக்தி எந்தப் பொருளில் இருந்து கிடைக்கிறது என்ற ஆராய்ச்சியில் பெயர் பெற்றார். 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

கிருமி சொன்ன சாட்சி

ஈரலில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது, அது ரத்தத்தை ஊறச் செய்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியும். அதைப் பிரிப்பது எப்படி? ஒரு வகைக் கிருமி, அந்தச் சத்து இருந்தால்தான் வளரும். பிரித்த பொருளைக் கிருமிக்குக் கொடுப்பார்கள். வளர்ந்தால் சத்து உண்டு, வளராவிட்டால் இல்லை. இப்படியே சோதித்துச் சோதித்து, 1945-ல் போலிக் அமிலத்தைச் செய்தே விட்டார்கள். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது ரத்தம் ஊறியது!

அதோடு விடவில்லை. போலிக் அமிலம் போலவே வேஷம் போட்ட இன்னொரு பொருளையும் அவர் குழு செய்தது. புற்று அணு அதைச் சத்து என்று எண்ணி ஏமாறும், வளராது. பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பர், 1947-ல் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். சில குழந்தைகள் எழுந்து விளையாடின. சில மாதங்களே அந்தக் குணம் நீடித்தது. ஆனாலும் அதற்கு முன் அந்த நோய்க்கு அதுகூடக் கிடையாது. அந்த வகையைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் இன்றும் ஆஸ்பத்திரிகளில் உபயோகத்தில் இருக்கிறது.

1948-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். வயது 53. அவர் தாய்நாடு திரும்பவே இல்லை. 1922-ல் வழியனுப்பிய சேஷகிரி, கணவரை மறுபடி பார்க்கவில்லை.