மரநிழற் பள்ளி

கல்கத்தா மாநகரின் ஜோராசாங்கோப் பகுதியில் ஒரு பெரிய மாளிகை. அதன் மாடியறை ஒன்றில், தரையிற் சுண்ணக்கட்டியால் வரைந்த வட்டத்தினுள் ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான். கோட்டைத் தாண்டினாற் பெருந்தீங்கு நேருமென அச்சுறுத்திவிட்டு வேலையாள் போய்விட்டான். இராமாயணத்திற் கோட்டைக் கடந்த சீதைக்கு நேர்ந்ததை அறிந்த அச்சிறுவன் அசையவேயில்லை. சாளரத்தின் வழியே தெரிந்த குளமும், அதன் கரையில் விழுதூன்றி நின்ற ஆலமரமுமே அவனுக்கு நாள் முழுதும் துணை. அவனே பின்னாளில் உலகம் போற்றிய கவிஞர் இரவீந்திரநாத தாகூர். 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் தேவேந்திரநாதரின் மகனாகத் தோன்றியவர்.

செல்வக் குடியிற் பிறந்தும் மண்ணில் ஆடும் இன்பம் அவருக்குக் கிட்டவில்லை. தாழ்வாரத்து மூலையிற் படிந்த புழுதியில் ஒரு சீத்தாப்பழ விதையை ஊன்றி, நாள்தோறும் நீர் வார்த்து, முளைக்குமோ முளைக்குமோ என்று காத்திருந்தார். பள்ளிகளோ அவருக்குச் சிறைக்கூடங்களாகத் தோன்றின. ஒன்றன்பின் ஒன்றாகப் பல பள்ளிகளிற் சேர்த்தும் ஒன்றிலும் மனம் பொருந்தவில்லை.

1873ஆம் ஆண்டில் தந்தையார் அவரை இமயமலைக்கு அழைத்துச் சென்றார். வழியிற் சாந்திநிகேதனத்திற் சின்னாள் தங்கினர். போல்பூரை அடுத்த வெட்டவெளியில், இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் உள்ளம் ஈடுபட்டுத் தேவேந்திரநாதர் 1863இற் பெற்ற நிலம் அது. மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களிற் சிறுவர் தனியே திரிந்து, பன்னிறக் கற்களை ஆடையில் முடிந்து கொணர்ந்து தந்தையாரிடம் காட்டுவார். அவரும் சலியாது வியந்து மகிழ்வார். வட்டத்தினுள் வாடிய பிள்ளைக்கு அன்றுதான் வானமும் வெளியும் உரிமையாயின.

அவ்விடத்திலேயே 1901ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு தாகூர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மழை பெய்யும் பொழுது தவிர, பாடம் யாவும் மரநிழலிலேயே நிகழ்ந்தன. பொருள் முடை மிகுந்தது. துணைவியார் மிருணாளினி தேவியார் தம் அணிகலன்களை விற்கக் கொடுத்துதவினார். மறு ஆண்டே காலமானார். 1903இல் மகள் ஒருத்தியும், 1907இல் இளைய மகனும் இறந்தனர். இத்தனை இடிகளுக்கிடையிலும் பள்ளியைக் கைவிடாது நடத்தியது, பாட்டியற்றுவதினும் அரிய செயலென்றே கூறல் வேண்டும்.

ஒருமுறை அங்கு வந்த தலைமையாசிரியர் ஒருவர், மரக்கிளையில் அமர்ந்து படித்துக் கொண்டிருந்த மாணவனைக் கண்டு முகஞ் சுளித்தார். தாகூரோ அவனைக் கண்டிக்கவில்லை. வளர்ந்த மனிதனுக்கு நாற்காலி ஒன்றே கதி. கிளையா நாற்காலியா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளைப் பருவத்துக்கு மட்டுமே உண்டு. அதனைப் பறிப்பது தகாது என்பது அவர் கருத்து. ஒழுங்கையே பெரிதென மதிக்கும் ஆசிரியர்க்கு இது எளிதிற் செரிக்கும் உணவன்று!

இளமையில் தமக்கு விளையாட்டிடமாயிருந்த அச்செம்மண் பள்ளங்களே முதுமையில் அவருக்குக் கவலையளித்தன. மரங்களை வெட்டிய நிலத்தில் மண்ணைப் பற்றும் வேர் இல்லை. மழை தோறும் மேல்மண் கரைந்தோட, வயலுக்குரிய நிலம் பாழாகும். ஆதலின் 1928ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மரம் நடுவிழா ஒன்றை ஏற்படுத்தினார். தம் மருமகளின் தொட்டியில் வளர்ந்த மகிழங்கன்றே அவ்விழாவில் நடப்பட்டது. ஆடலும் பாடலும் சூழக் கன்று ஊர்வலமாக வந்தது. ஐம்பூதங்களாக ஐந்து மாணவர் வேடம் புனைந்து நின்றனர். அவ்விழாவையொட்டி அவர் எழுதிய கதையே ‘பலாய்’. பாதையிற் தானே முளைத்த இலவமரத்தைத் தோழனாகக் கொண்ட சிறுவன் ஒருவன், அயலூர் சென்றபின் அதன் நிழற்படத்தை அனுப்புமாறு எழுதுகின்றான். அதற்குள் சிற்றப்பன் மரத்தை வெட்டிவிட்டான். அவனை மகன்போல் வளர்த்த சிற்றன்னை இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. சீத்தா விதைக்கு நீர் வார்த்த பழைய சிறுவனின் நெஞ்சம் அக்கதையிற் காணப்படுகின்றது.

1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் தாகூர் மறைந்தார். வங்கக் கணக்கிற் சிராவணத் திங்கள் 22. மண் நெகிழ்ந்து கன்று வேர்கொள்ளும் மழைக்காலம். அவர் நினைவு நாளாகிய அன்றே சாந்திநிகேதனத்தில் மரம் நடுவிழாவும் நடைபெறுகின்றது.