குளோட் பெர்னார்டு

குளோட் பெர்னார்டு (ஜூலை 12, 1813 – பெப்ரவரி 10, 1878) பிரான்சு நாட்டைச் சேர்ந்த உடலியங்கியல் வல்லுநர் ஆவார். தோலின் வெப்பநிலையையும் குருதி ஓட்டத்தையும் நரம்புகள் கட்டுப்படுத்துகின்றன என்பதை நிறுவிய முன்னோடிகளுள் இவரும் ஒருவர். கல்லீரலில் உள்ள கிளைக்கோசனைக் கண்டறிந்தவரும் இவரே.

வாழ்க்கை

பெர்னார்டு பிரான்சின் சான்-சூலியன் என்னும் சிற்றூரில், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தார். லியோன் நகரில் மருந்துக் கடை ஒன்றில் தொழில் பயின்றார். நாடக ஆசிரியராகும் விருப்பத்துடன் பாரிசு சென்றார். அங்கு திறனாய்வாளர் ஒருவரின் அறிவுரையை ஏற்று மருத்துவம் படித்தார். 1841 இல் பிரான்சுவா மசாந்தியின் ஆய்வுக்கூட உதவியாளரானார். 1843 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

வெப்பநிலை ஆய்வுகள்

நரம்புகள் திசுக்களில் வெப்பம் உண்டாவதைத் தூண்டுகின்றன என்று பெர்னார்டு கருதினார். ஆகவே 1851 இல் முயலின் கழுத்தில் ஒரு பக்கப் பரிவு நரம்பை வெட்டியபோது, அப்பக்கக் காது குளிரும் என எதிர்பார்த்தார். ஆனால் காது சிவந்து, மறு காதைவிடச் சூடாயிற்று. 1852 இல் வெட்டிய நரம்பின் முனையில் மின்சாரம் செலுத்தியபோது குழாய்கள் சுருங்கிக் காது குளிர்ந்தது. இதனைப் பிரவுன்-செக்கார்டும் பெர்னார்டும் தனித்தனியே கண்டனர். பரிவு நரம்பே குருதிக் குழாய்களைச் சுருக்கி வைக்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

1862 இல் நாய்களில் செய்த ஆய்வுகளில், கால் தசைகளுக்குச் செல்லும் நரம்பு வேர்களை வெட்டினால் கால் செயலிழந்தாலும் சூடாவதில்லை என்றும், பரிவு நரம்பை வெட்டினால் அசைவு குன்றாமலே கால் சூடாகிறது என்றும் காட்டினார். அசைவும் வெப்பமும் வெவ்வேறு நரம்புவழிகளைச் சார்ந்தவை என்பது தெளிவாயிற்று.

மூளைக் காயத்தாலோ பக்கவாதத்தாலோ செயலிழந்த கை சிலருக்குத் தொடக்கத்தில் மறு கையைவிடச் சூடாகவும், நாட்பட்ட நிலையில் பெரும்பாலும் குளிர்ந்தும் காணப்படும். அசைவின்மையால் தசைகளில் குருதி ஓட்டம் குறைவது ஒரு காரணம். குழாய்களைக் கட்டுப்படுத்தும் நரம்புவழிகள் பாதிக்கப்படுவது மற்றொரு காரணம். இவ்விரண்டையும் பிரித்து நோக்குவதற்கு மேற்கூறிய ஆய்வுகள் அடிப்படையாயின.

இறுதிக் காலம்

உயிருள்ள விலங்குகளை வெட்டிச் செய்த இவ்வாய்வுகளை அவருடைய மனைவியே கடுமையாக எதிர்த்தார். பின்னர் இருவரும் பிரிந்தனர். 1865 இல் ஆய்வுமுறை மருத்துவம் குறித்த புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். 1878 இல் பாரிசில் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு பெற்ற முதல் பிரெஞ்சு அறிவியலாளர் இவர் எனக் கூறப்படுகிறது. இவரது உடல் பெர் லசேசு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.