கல்லில் ரேடியோ பிடித்தவர்

ரொம்பப் பழைய கிரிஸ்டல் ரேடியோவைப் பிரிச்சா, வால்வு இருக்காது. பளபளன்னு ஒரு சாம்பல் நிறக் கல், அதைத் தொட்டபடி ஒரு மெல்லிய கம்பி. இது என்ன பார்ட்ஸ்னு பலருக்குத் தெரியாது. அதுதான் கலீனா, ஈயத் தாது. (தொட்டா கையைக் கழுவுங்க!) ரேடியோ அலையைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் அது. அதற்கு முதலில் காப்புரிமை பெற்றவர் நம்ம ஜெகதீஷ் சந்திர போஸ்.

1858-ல் இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்காமல் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே போஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு மீனவர் மகன்! பழவேற்காட்டுப் பசங்களே, கவனிச்சீங்களா? கூடப் படித்த பையன்கள் சொன்ன பறவை, மீன் கதைகளைக் கேட்டுத்தான் இயற்கையை ஆராயும் ஆசையே வந்ததாம்.

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை. வெள்ளைக்காரரைவிட இந்தியருக்குச் சம்பளம் குறைச்சல். 3 வருஷம் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது.

1895-ல் கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவர் தாண்டி அனுப்பி, மணியை அடிக்க வைத்தார். கலீனா டிடெக்டருக்கு 1901-ல் விண்ணப்பித்து, 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதுவும் நண்பர்கள் வற்புறுத்தியதால்தான். 1937-ல் காலமாகும்வரை அதை அவர் காசாக்கவே இல்லை.