மூடிய கதவுக்குள் மர்மம் கண்ட வடுவூரார்

போடிமெட்டில் பிறந்தவனுக்கு இருட்டு புதிதல்ல. முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் மலைச்சாலை, மாலையில் பனி இறங்கினால் மறைந்துவிடும். அந்தப் பனிக்குள் நடந்து பள்ளிக்கூடம் போய் வந்தவன் நான். அப்படிப்பட்ட என்னையும் ஒரு புத்தகம் நடுங்க வைத்தது. அட்டை கிழிந்த அந்தப் பழம்பதிப்பின் பெயர் ‘மேனகா’. அதை எழுதியவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். அவரைச் சக மாணவ நண்பர்களுக்கு அறிமுகம் செய்வதே என் நோக்கம்.

மன்னார்குடியை அடுத்த வடுவூரில் 1880-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பட்டப்படிப்பு முடித்து அரசுப் பணியில் சேர்ந்து தாசில்தாராக இருந்தார். வெள்ளையர் ஆட்சியில் தாசில்தார் என்றால் ஊரே எழுந்து நிற்கும். அத்தகைய பதவியை விட்டு விலகி, எழுத்தையே தொழிலாக ஏற்றார். சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். சொத்துத் தகராறும் குடும்ப வழக்கும் மனுக்களாக வந்து குவியும் மேசையில் அமர்ந்திருந்தவர் அல்லவா? கௌரவமான வீடுகளுக்குள் எத்தனை இரகசியங்கள் புதைந்து கிடக்கின்றன என்பதை அங்கேதான் அறிந்திருப்பார் என்று நான் எண்ணுகிறேன்.

அக்காலத்தில் துப்பறியும் நாவல் தமிழுக்குப் புதுவரவு. ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூரார் ஆகிய மூவரும் அத்துறையின் முன்னோடிகள். ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் கதைகளைத் தழுவியே இவர்கள் எழுதினார்கள் என்ற குறை உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் கதையை இரவல் வாங்கிய வடுவூரார், பேச்சையும் வீட்டையும் இரவல் வாங்கவில்லை. அவருடைய மாமியார் நாத்தனார்களும் வக்கீல்களும் சமையற்காரர்களும் தஞ்சை மண்ணின் வாடையோடு பேசுகிறார்கள்.

‘மேனகா’வில் பேய் இல்லை, காடு இல்லை. புகுந்த வீட்டாரே மருமகளை இரகசியமாக விலைபேசி விற்றுவிட்டு, அவள் நடத்தை கெட்டு ஓடிப்போனாள் என்று கணவனையே நம்ப வைக்கிறார்கள். அவள் கொண்டுபோய் அடைக்கப்பட்ட வீட்டில் அவளைக் காப்பாற்றுபவளோ அவ்வீட்டுக்காரரின் மனைவியான நூர்ஜஹான். சாதியும் மதமும் மனிதரை அளக்கும் கோல் அல்ல என்பதை ஒரு மர்ம நாவலுக்குள் அவர் சொல்லிவிட்டார்.

இந்நாவலை டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையில் நடித்தனர். 1935-இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் திரையில் தோன்றிய முதற்படமும் அதுவே. ‘திகம்பர சாமியார்’ 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகி, எம். என். நம்பியாருக்குப் பல வேடங்கள் தந்தது. தாம் எழுதியதோடு வடுவூரார் நிற்கவில்லை. தம் ‘மனோரஞ்சனி’ இதழில் நாவல்களை வெளியிட்டார். வை. மு. கோதைநாயகி அம்மாள் நாவல் எழுதப் புகுந்தபோது துணைநின்றார். அவ்வம்மையார் பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியதைத் தமிழுலகம் அறியும். 1942-இல் வடுவூரார் மறைந்தார்.

இனி என் நடுக்கத்திற்கு வருகிறேன். எழுத்தறியாத என் அம்மாச்சிக்கு ‘மேனகா’வை இரவுதோறும் வாசித்துக் காட்டினேன். மேனகா ஓடிப்போனாள் என்று புரளி கிளப்பும் இடம் வந்ததும், புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து வீட்டிலும் முன்னொரு காலத்தில் ஒரு மருமகள் காணாமற் போனாள். ஜீப் ஓட்டுநரோடு ஓடிவிட்டாள் என்பது ஊர்ப்பேச்சு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அன்றிரவு அம்மாச்சி உண்மையைச் சொன்னார். அடி பொறுக்காமல் சாகத் துணிந்தவளை, ஏலத்தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்த காசைக் கொடுத்து, விடியுமுன் போடிக்குப் பஸ் ஏற்றிவிட்டவர் அம்மாச்சியேதான். வாய் திறந்தால் அவளைத் தேடிப் பிடித்து இழுத்து வந்துவிடுவார்களே என்று, ஆயுள் முழுவதும் அந்த இரகசியத்தைச் சுமந்தார். அவள் உயிர் பிழைத்தது; பெயர் பிழைக்கவில்லை. அந்தப் பாரம்தான் அம்மாச்சியை உறுத்திற்று. இன்று இருவருமே இல்லை. ஆகவே இங்கே எழுதத் துணிந்தேன்.

குற்றத்தை மறைக்கும் இரகசியம் ஒன்று. உயிரைக் காக்கும் இரகசியம் மற்றொன்று. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே மௌனமாக இருக்கும். ஒரு பெண்ணைப் பற்றிய பழிச்சொல் காதில் விழும்போது, அதைப் பரப்புவதால் யாருக்கு ஆதாயம் என்று ஒரு கணம் கேட்டுப் பார்ப்போம். துப்பறிவாளர் கேட்கும் முதற்கேள்வியும் அதுதான். நண்பர்களே, நூலகத்தின் கடைசி அலமாரியில் தூசி படிந்து வடுவூரார் காத்திருப்பார். எடுத்துப் படியுங்கள்.