பட்டணத்துப் பெண் பட்டிக்கு வந்த கதை



சரியாகப் படிக்கவில்லை என்றால் ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்று நம்மைத் திட்டுவார்கள் அல்லவா? பெரிய எழுத்தாளராக இருந்தும், ஆசைப்பட்டு ஆடு வளர்க்கப் போன ஒரு அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். அவர்தான் பீட்டர் முயல் கதையை எழுதிப் படமும் வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டர்.

பிறப்பும் இளமையும்

இவர் 1866ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் தேதி லண்டன் மாநகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். இவரைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. ஆசிரியை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். விளையாட ஒரு தம்பி மட்டும்தான். அதனால் முயல், எலி, முள்ளெலி, தவளை எல்லாம் வளர்த்து, அவற்றைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தார்.

கோடை விடுமுறையில் மட்டும் குடும்பத்தோடு கிராமப்புறம் போவார்கள். 1882இல் வட இங்கிலாந்தில் உள்ள ஏரி மாவட்டத்துக்குப் போனார்கள். மலை, ஏரி, கல் வீடு, ஆட்டு மந்தை என்று அந்த இடம் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது. ஆனால் லீவு முடிந்தால் மறுபடியும் லண்டன்தான்.

துக்கமும் துணிவும்

உடம்பு சரியில்லாத ஒரு சிறுவனுக்கு 1893இல் அவர் எழுதிய கடிதம்தான் பீட்டர் முயல் கதை. அது 1902இல் புத்தகமாகக் கடைக்கு வந்து நன்றாக விற்றது. புத்தகம் போட்ட நார்மன் வார்னுக்கும் இவருக்கும் 1905இல் திருமணம் நிச்சயமானது. வியாபாரக் குடும்பம் என்று பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. இவர் பின்வாங்கவில்லை. ஆனால் ஒரே மாதத்தில் நார்மன் நோயால் இறந்துவிட்டார்.

அந்தத் துக்கத்தோடுதான் அதே வருஷம் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் என்ற 34 ஏக்கர் பண்ணையை வாங்கினார். அப்போது வயது 39. விவசாயம் ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே அங்கே பாடுபட்ட ஜான் கேனன் குடும்பத்தை வெளியே அனுப்பாமல், அவர்களிடமே ஆடு, மாடு, பன்றி, கோழி எல்லாம் வளர்க்கக் கற்றுக்கொண்டார். 1913இல் உள்ளூர் வக்கீல் வில்லியம் ஹீலிஸை மணந்து அங்கேயே தங்கிவிட்டார்.

ஆட்டுக்காரம்மா

கட்டை வைத்த செருப்பு, ஆட்டு ரோமத்தில் நெய்த முரட்டுத் துணி, மழை வந்தால் தோளில் ஒரு சாக்கு. இப்படித்தான் அவர் திரிவார். ஒருநாள் ரோட்டில் போன நாடோடி ஒருவர் இவரையும் தன்னைப்போல வீடில்லாதவர் என்று நினைத்துவிட்டாராம்!

1924இல் ட்ரவுட்பெக் என்ற இடத்தில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் பண்ணையை வாங்கினார். அங்கே ஆடுகளுக்கு ஈரலில் புழு விழுந்து நலிந்து கிடந்தன. மருந்து கொடுத்து மந்தையைத் தேற்றினார். டாம் ஸ்டோரி என்ற மேய்ப்பரைச் சேர்த்துக்கொண்டு, சந்தைக் கண்காட்சிகளில் பல பரிசுகள் வாங்கினார்.

அவர் வளர்த்தது ஹெர்ட்விக் என்ற மலை ஆடு. குட்டி பிறக்கும்போது கறுப்பு. வயசாக வயசாக வெளுக்கும். இதில் ஒரு அதிசயம் உண்டு. மலை மேலே வேலி கிடையாது. தாய் மேய்ந்த பக்கத்தையே குட்டியும் பழகிக்கொள்ளும். மந்தையைப் பிரித்து விற்றுவிட்டால், வெளியிலிருந்து புது ஆடு கொண்டுவந்து விட்டாலும் லேசில் தங்காது. அதனால்தான் நிலம் துண்டு துண்டாகப் போகக் கூடாது என்று புத்தகப் பணத்தில் பண்ணை பண்ணையாக வாங்கினார்.

மறைவு

1943இல் ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் இவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பதவி ஏற்கும் முன்பே, டிசம்பர் 22ஆம் தேதி காலமானார். 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் மந்தைகளையும் தேசிய அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அங்கே ஹெர்ட்விக் ஆடுதான் வளர்க்கணும் என்று உயிலில் சொல்லியிருந்தார். அவருடைய சாம்பலை டாம் ஸ்டோரிதான் தூவினார். எந்த இடம் என்று ஊருக்குச் சொல்லவில்லை.

அவரிடம் பணம் இருந்தது, நிலம் வாங்கினார். நம்மால் அப்படி முடியாது. ஆனால் ஆட்டுக்கு வரும் நோயும் அது போகும் வழியும் பணத்தால் தெரிந்துவிடாது. பெரிய எழுத்தாளரும் அதை மேய்ப்பவர்களிடம்தான் கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டிலும் ஆடு இருக்கிறது. இனிமேல் யாராவது ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்று திட்டினால், நான் தலைகுனிய மாட்டேன். நீங்களும் குனியாதீர்கள்!

9ஆம் வகுப்பு மாணவி